யானை வாயைத் திறந்த தேர்வு

முன்னொரு காலத்தில் பூம்பொழில் நாட்டை வளவதரையன் என்றொரு ராஜா ஆண்டான். சிரிப்பு வந்தால் கிராமத்தையே கொடுப்பான்; கோபம் வந்தால் தலையை வாங்குவான். அதனால் அவனுடைய மந்திரி இளவெயினிக்குக் காலையில் எழுந்ததும் கழுத்தைத் தடவிப் பார்ப்பதே முதல் வேலை.

ஒருநாள் கப்பலில் பேசும் பொம்மைகள் வந்து இறங்கின. கட்டைவிரல் உயரம்தான். எதைக் கேட்டாலும் தேனொழுகப் பதில் சொல்லும். அரசுப் பல்கலைக்கழக மாணவர்கள் ஆளுக்கொன்றைக் குடுமிக்குள் செருகிக்கொண்டார்கள். யானை வைத்தியத் தேர்வில் அத்தனை ஓலையிலும் ஒரே பதில். எல்லோரும் முதலிடம்!

"பட்டத்து யானை நீலமேகம் தின்னாமல் கிடக்கிறது. இவர்களில் எவரை நம்பி அனுப்புவது?" என்று கத்தினான் ராஜா.

மந்திரி பதவிமேல் கண்ணாயிருந்த புலவர் சடங்கவியார் எழுந்தார். "எல்லோருக்கும் மொட்டை போடுங்கள், பிரபு!"

போட்டார்கள். பொம்மைகள் கன்னத்துக்குள் போயின. மறுதேர்வு மண்டபம் முழுக்க மொட்டைத் தலைகளும் உப்பிய கன்னங்களும். பதில் மட்டும் அதேதான்!

"இளவெயினி! இனி நீ வை தேர்வை. தோற்றால் உன் தலை!" என்று உறுமினான் ராஜா.

அவள் கழுத்தை ஒருமுறை தடவிக்கொண்டாள். ஆனாலும் சொன்னாள்: "தேர்வு யானைக் கொட்டிலில், பிரபு. பொம்மையைக் கையிலேயே கொண்டுவரட்டும்."

சடங்கவியார் விழுந்து விழுந்து சிரித்தார். "பொம்மை இருந்தால் நானே தேறிவிடுவேனே!"

"முதலில் நீங்களே வாருங்கள், ஐயா."

கொட்டிலில் ராஜாவின் முன்னால், யானைக்கு என்ன நோய் என்று அவர் கேட்க, பொம்மை சொன்னது: "வயிற்றுச் சூடு. விளக்கெண்ணெய் புகட்டுக."

"வயிறுதான் என்று எப்படித் தெரியும்?" என்றாள் இளவெயினி.

"பொம்மை சொன்னதே!"

"அதற்கு ஆயிரம் யானைகளின் கதை தெரியும், ஐயா. இந்த நீலமேகத்தைத் தெரியுமா?"

புலவர் எண்ணெய்க் குடத்தை யானையிடம் நீட்டினார். நீலமேகம் முழுவதையும் உறிஞ்சி அவர்மேலேயே பீய்ச்சியது.

அடுத்து வந்தாள் மாணவி செங்கழுநீர். அவளும் மொட்டைதான். "பொம்மை வயிறு என்கிறது. ஆனால் அது போட்ட லத்தி நன்றாக இருக்கிறது. வாயில்தான் எச்சில் வடிகிறது. நான் வாயைப் பார்க்கிறேன்" என்றாள். கொஞ்சிக் கொஞ்சித் துதிக்கையைத் தூக்கவைத்தாள். ஈறில் ஒரு மூங்கில் சிராய்! பிடுங்கியதும் யானை கரும்புக் கட்டைத் தின்று, ராஜாவின் மாலையையும் பறித்துத் தின்றது.

ராஜாவுக்குச் சிரித்துச் சிரித்துக் கண்ணில் நீர் வந்துவிட்டது. செங்கழுநீர் அரண்மனை வைத்தியரானாள். இளவெயினிக்கு ஒரு கிராமம் கிடைத்தது. அவள் கழுத்தைத் தடவுவதையும் விட்டாள். இனி எந்தத் தேர்விலும் பொம்மை வரலாம், "ஏன்?" என்ற கேள்வியும் கூடவே வரும் என்று முரசறைந்தார்கள். எண்ணெய் சொட்டச் சொட்ட நின்ற புலவரை முதலாண்டு வகுப்பில் உட்காரவைத்தார்கள்.

ஆண்டு முடிவுத் தேர்வில் ராஜாவே அவரைக் கேட்டான்: "புலவரே, இன்று மழை வருமா?"

மடமடவென்று சொல்ல வாயெடுத்தவர் சட்டென்று நிறுத்தினார். "கொஞ்சம் பொறுங்கள், பிரபு. வெளியே போய் வானத்தைப் பார்த்துவிட்டு வருகிறேன்."

"தேறிவிட்டீர் ஐயா, தேறிவிட்டீர்!" என்று துள்ளினாள் இளவெயினி.