அந்தரத்தில் முறுக்கிய போல்ட்

வெள்ளியங்கிரிக்கு வந்தது நியாயமான கோபம். அதை முதலிலேயே சொல்லிவிட வேண்டும். ஐம்பத்தெட்டு வயது மனிதரைப் பட்டறையில் எல்லோரும் பார்த்துக்கொண்டிருக்க, "இந்தக் கெழவனை இனிமே என் வண்டிகிட்ட விடாதீங்க" என்று ஒருவன் சொல்லிவிட்டுப் போனால் யாருக்குத்தான் வயிறு எரியாது?

சொன்னவன் தரணீஷ். அவன் தாத்தா காலத்தில் கப்பலில் வந்திறங்கிய அமெரிக்கக் கார் ஒன்று அவர்கள் மில் குடோனில் கிடந்தது. அதை வெளியே எடுத்து, பெயிண்ட் அடித்து, ஊர் பார்க்க ஓட்டிக்கொண்டிருப்பவன். எட்டு சிலிண்டர், நீள மூக்கு, மஸில் கார் என்பார்கள். நேர் ரோட்டில் பறக்கும். வளைவு வந்தால் பின்பக்கம் தன் இஷ்டத்துக்குப் போகும். அந்தக் காலத்துப் பட்டை ஸ்பிரிங் அப்படி. அதைக் கழற்றிவிட்டு, பின் ஆக்ஸிலை ஆர்ம் என்கிற இரும்புக் கைகள் நான்கு போட்டுப் பிடித்து, சுருள் ஸ்பிரிங்கும் புது ஷாக் அப்சார்பரும் வைத்துத் தரச் சொல்லி, கோயம்புத்தூர் பீளமேட்டில் பூங்கொடியின் பட்டறைக்குக் கொண்டுவந்தான்.

பூங்கொடி ரேஸ் கார்களுக்கு சஸ்பென்ஷன் கட்டுகிறவள். வயது முப்பத்தாறு. வெள்ளியங்கிரி அவளுடைய சிஷ்யர். ஆமாம், சிஷ்யர்தான். ஒரு பஸ் கம்பெனியில் முப்பது வருஷம் ஃபோர்மேனாக இருந்து ஓய்வு பெற்றவர், கார் வேலை கற்றுக்கொள்ள வேண்டும் என்று தானாக வந்து சேர்ந்தார். மகள் வயதுப் பெண்ணுக்கு ஸ்பேனர் எடுத்துக் கொடுக்கப் போகிறாயா என்று சொந்தக்காரர்கள் சிரித்தார்கள். அவர் சட்டை செய்யவில்லை.

அமெரிக்கக் காரின் வேலையை முழுசாக அவர் கையில் விட்டாள் பூங்கொடி. அவர் தனியாக முடித்த முதல் கார் அதுதான். திங்கட்கிழமை போன வண்டி வியாழக்கிழமை திரும்பி வந்தது. பின்பக்கம் தூக்கிக்கொண்டு நிற்கிறதாம். ஸ்பீட் பிரேக்கரில் உதைக்கிறதாம். போகிற வழியெல்லாம் முனகுகிறதாம். "பஸ்ஸுக்குப் பட்டை அடிக்கிற ஆளை வச்சா என் வண்டியத் தொட்டீங்க?" என்று கேட்டான். அதற்குப் பிறகுதான் அந்தக் கிழவன் பேச்சு.

பூங்கொடி என்ன சொன்னாள்? "வண்டிய விட்டுட்டுப் போங்க, பாத்துட்டுச் சொல்றேன்" என்றாள். அவ்வளவுதான்.

அதுதான் வெள்ளியங்கிரிக்கு ஆறவே இல்லை. பேசியவன் யாரோ ஒரு பணக்கார வீட்டுப் பையன். பக்கத்தில் நின்ற இவள் வாயில் கொழுக்கட்டையா வைத்திருந்தாள்? வீட்டுக்குப் போய் சாப்பிட உட்கார்ந்தவருக்குச் சோறு இறங்கவில்லை. படுத்தால் தூக்கமும் வரவில்லை.

மறுநாள் காலை, வேலைக்கான காக்கி உடுப்பை எடுக்காமல், வெள்ளை வேட்டி சட்டையோடு பட்டறையில் வந்து நின்றார்.

"ஏனுங்க மாஸ்டர், நான் வேலையில இருந்து நின்னுக்கறனுங்க."

வழக்கமாக 'அம்மிணி' என்று கூப்பிடுகிறவர். மாஸ்டர் என்றது குத்துவதற்காகத்தான். அது பூங்கொடிக்கும் தெரிந்தது.

"என்னாச்சுங்ண்ணா?"

"என்னாச்சா? என்ற மூஞ்சிக்கு நேரா அவன் அந்தப் பேச்சுப் பேசறான். நீங்க கம்முனு நிக்கறீங்க. ஒரு வார்த்தை கேட்டீங்களா?"

"கேக்கலீங்க."

"ஏன், கேட்டா என்ன கொறைஞ்சா போயிருவீங்க? முப்பது வருஷமுங்க! என்ற கையில வேலை பாத்த ஒரு பஸ்ஸு திரும்பி வந்ததில்லை. இந்த வண்டியில எல்லாச் சாமானும் புதுசு. ஒவ்வொரு போல்ட்டும் நானே முறுக்குனது. அவன் சொல்றது அத்தனையும் பொய்யி. காசு இருக்கற திமிரு."

பூங்கொடி சாவியை எடுத்துக்கொண்டு எழுந்தாள். காரை ஸ்டார்ட் செய்து, மெல்ல ஓட்டி, தரையில் வெட்டியிருந்த பிட்டின் மேல் கொண்டுபோய் நிறுத்தினாள். நான்கு சக்கரமும் தரையில் இருந்தன. குழிக்குள் ஆள் இறங்கி, வண்டிக்கு அடியில் நின்று வேலை பார்க்கலாம்.

"போறதுக்கு முன்னாடி ஒரு வேலை பண்ணிக் குடுங்ண்ணா. அந்த ஆர்ம் போல்ட்டெல்லாம் கொஞ்சம் லூஸ் பண்ணுங்க. கழட்ட வேண்டாம்."

"நான் முறுக்குனதையா?"

"ஆமாங்க."

அவருக்குக் காது மடல் சுட்டது. நேற்று அவன் வாயால் சொன்னதை இன்று இவள் செய்தே காட்டுகிறாள். நன்றாக இருக்கிறது நியாயம்! சரி, பார்க்கட்டும், கண் குளிரப் பார்க்கட்டும் என்று வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு குழிக்குள் இறங்கினார்.

எந்தப் போல்ட்டும் தளர்ந்திருக்கவில்லை. ஸ்பேனரில் பைப் மாட்டி, மூச்சைப் பிடித்து நெம்பிய பிறகே முதல் போல்ட் அசைந்தது.

"பாத்துக்கங்க! எப்படிப் புடிச்சிருக்குன்னு நல்லாப் பாத்துக்கங்க!" என்று கீழே இருந்தபடியே கத்தினார்.

"பாத்தனுங்க. அடுத்தது."

ஒவ்வொன்றாகத் தளர்த்திக்கொண்டே வந்தார். கடைசி போல்ட்டும் தளர்ந்ததும் தலைக்கு மேலே 'டொக்' என்று ஒரு சத்தம் கேட்டது. யாரும் தொடாமலே, காரின் பின்பக்கம் இரண்டு விரல் அளவு கீழே இறங்கி உட்கார்ந்தது.

வெள்ளியங்கிரி அண்ணாந்து பார்த்தார்.

"லிஃப்ட்ல தூக்கி வச்சு முறுக்குனீங்களாங்ண்ணா?"

"ஆமா. சக்கரம் தொங்கறப்பத்தான கை நல்லாப் போகும்?"

"பஸ்ஸுலயும் அப்படித்தானா?"

"எப்பவுமே அப்படித்தான்."

"அங்க போல்ட்டு போற எடத்துல புஷ்ஷுன்னு ஒரு இரும்பு வளையம் இருக்கும். எப்படி வச்சு முறுக்குனாலும் அதும்பாட்டுக்குச் சுத்திக்கும். இது ரப்பருங்க. எந்த நெலையில முறுக்குறமோ, அதுதான் தன்னோட நெலைன்னு புடிச்சுக்கும். தொங்கறப்ப முறுக்கிட்டா, தரைக்கு வந்ததுக்கு அப்புறமும் தொங்கத்தான் பாக்கும். இப்படி வண்டி தரையில நிக்கறப்ப முறுக்கோணும்."

முப்பது வருஷம் ஸ்பிரிங்கோடு மல்லுக்கட்டியவருக்கு அதற்கு மேல் விளக்கம் வேண்டியிருக்கவில்லை. தூக்கிக்கொண்டு நின்றது, உதைத்தது, முனகியது எல்லாம் உண்மை. அந்தப் பயல் பொய் சொல்லவில்லை. நினைக்கவே அவருக்குக் கூசியது. ஆனால் நெஞ்சுக்குள் எரிந்தது மட்டும் அணையவில்லை. அது ஏன் அணைய வேண்டும்?

"என்ற தப்புத்தானுங்க. ஒத்துக்கறேன். அதுக்காக அவன் அப்படிப் பேசலாமுங்களா?"

"பேசக் கூடாதுங்க."

"நாலு பேரு முன்னாடி கெழவன்னு சொல்லலாமா?"

"சொல்லக் கூடாது."

"அப்புறம் ஏனுங்க நீங்க…"

பூங்கொடி போனை எடுத்தாள். அவருக்குக் கேட்கும்படி ஸ்பீக்கரில் போட்டுக் குழியின் ஓரத்தில் உட்கார்ந்தாள்.

"தரணீஷ், வண்டியில தப்பு இருந்துச்சுங்க. எங்க தப்பு. சரி பண்ணிட்டிருக்கறோம், சாயங்காலம் எடுத்துக்கலாம்."

"நான்தான் அப்பவே சொன்னேனே! அந்தாளை வச்சு…"

"இருங்க, நான் இன்னும் முடிக்கலீங்க. வேலையக் கொறை சொன்னீங்க, சரி. வெள்ளியங்கிரிண்ணனைக் கெழவன்னு சொன்னீங்களே, அதுக்கு உங்களுக்கு ஒரு உரிமையும் இல்லை. வந்து அவருகிட்ட மன்னிப்புக் கேட்டுட்டு சாவிய வாங்கிக்கங்க. சாவி அவருகிட்டத்தான் இருக்கும்."

அவள் போனை வைத்துவிட்டு, கார் சாவியைக் குழிக்குள் நீட்டினாள்.

அவர் உடனே வாங்கவில்லை. கண் கலங்கியிருந்தது. இருந்தாலும் விடுவதாக இல்லை.

"இதை நேத்தே கேட்டிருக்கலாமே அம்மிணி? ராத்திரி பூரா வெந்து போயிக் கெடந்தனே நான்."

"எனக்கு மட்டும் கோவம் இல்லைன்னா நெனச்சீங்க?" என்றாள் பூங்கொடி. "நேத்து இருந்த கோவத்துல வாயத் தொறந்திருந்தா, வண்டியில ஒரு தப்பும் இல்லீன்னும் சேத்துச் சொல்லியிருப்பனுங்ண்ணா."