ஈரக் களிமண்ணுல வச்ச கால்

கருங்காட்டுக் குளத்துக்கு மேற்கால ஒரு மண்மேடு. அதுல வரிசையா மூணு வளை. மொத வளையில தும்பைன்னு ஒரு முயல், கண்ணு தொறக்காத மூணு குட்டியோட. நடு வளையில ஒரு முள்ளம்பன்றி, பேரு ஊசியக்கா. கடைசி வளையில ஒரு அழுங்கு. உடம்பு பூரா ஓடுதான், ஆனா ஒரு இலை விழுந்தாக்கூட பந்து மாதிரி சுருண்டுக்கும்.

குளத்தங்கரையில ஒரு பெரிய பாறை. காலைல எல்லாரும் அதுமேல படுத்து வெயில் காய்வாங்க. பாறை பூரா பாசி. அதை யாரும் ஒரு பொருட்டா மதிச்சதில்ல.

தும்பைக்கு மட்டும் குட்டி போட்டதுலேர்ந்து அகோரப் பசி. புல்லு பத்தல. பாசியைச் சுரண்டித் தின்ன ஆரம்பிச்சா. ஒரு ஓரத்துலேர்ந்து தின்னுக்கிட்டே போனா. அடியில பாத்தா எழுத்து!

இப்போ இருக்கற சிங்கராஜாவோட பாட்டன் செதுக்கி வச்ச சட்டம் அது. தும்பை மூணு நாள் தின்னா. மூணு வரி தெரிஞ்சுது.

மொத வரி: வாசலுக்கு வர்ற காவலாளி தன் பேரையும் வந்த காரணத்தையும் சொல்லணும்.

ரெண்டாவது வரி: ராஜாவோட முத்திரை இலை இல்லாம எந்த வளைக்குள்ளயும் நுழையக் கூடாது.

மூணாவது வரிதான் நீளம். யாரையாவது பிடிச்சுட்டுப் போனா காரணத்தைக் களிமண்ணுல எழுதணும். பக்கத்து வளைக்காரர் அதைப் படிச்சுப் பாத்துட்டு, கையெழுத்துக்குப் பதிலா அதுல சாட்சிக் கால் வைக்கணும். பொழுது சாயறதுக்குள்ள பிடிச்சவரை ராஜா முன்னாடி நிறுத்தணும். அதுவரைக்கும் பக்கத்து வளைக்காரர் கூடவே நடக்கலாம். தடுக்க யாருக்கும் அதிகாரம் இல்ல.

தும்பைக்குத் தலைகால் புரியல. நேரா ஊசியக்கா வளைக்கு ஓடினா.

"அக்கா, பாறையில என்ன எழுதியிருக்கு தெரியுமா?"

முழுசாச் சொல்லி முடிச்சா. ஊசியக்கா ஒரு கொட்டாவி விட்டா.

"வந்துட்டாடா வக்கீலம்மா. பாசி தின்னு வக்கீலான ஒரே முயல் நீதாண்டி."

"சிரிக்காதீங்கக்கா. நாளைக்கு ராஜாவோட காவல் செந்நாய்ங்க வாசல்ல வந்து நின்னா?"

"எதுக்கு வரப் போறானுங்க? மடியில கனம் இருந்தாத்தானே வழியில பயம்?"

"கனத்தை அவங்களே கொண்டுவந்து மடியில வைப்பாங்கக்கா."

ஊசியக்கா முதுகு முள்ளைச் சிலுப்பிக்கிட்டு உள்ள போயிட்டா. அழுங்கு வாசலுக்குத் தும்பை போனப்போ அது ஏற்கெனவே சுருண்டு கிடந்துச்சு. "காதுல விழுந்துச்சு தங்கச்சி. நமக்கெதுக்கு வம்பு?"ன்னு பந்துக்குள்ளேர்ந்து சத்தம் மட்டும் வந்துச்சு.

நாலே நாள். சிங்கராஜா குகையில வச்சிருந்த மான் தொடை ஒண்ணு காணாமப் போச்சு. குகைக்குக் காவல் இருந்தது செந்நாய்ப் படை. அதுங்களைத் தவிர அந்தப் பக்கம் ஒரு எறும்புகூட போக முடியாது. ஆனா திருடன் யாருன்னு ராஜா கேக்கறாரே! யாரையாவது காட்டியாகணும்.

காலை வெயில்ல செந்நாய் ஏட்டு மூணு செந்நாய்களோட மண்மேட்டுக்கு வந்துச்சு. வயிறு கொஞ்சம் உப்பலாத்தான் இருந்துச்சு. மொத வளை எதுவோ அதுக்கு முன்னால நின்னுச்சு.

"யாரம்மா உள்ள? வெளிய வா."

தும்பை வாசலைக் கல்லால அடைச்சிருந்தா. இடுக்கு வழியாப் பேசினா.

"உங்க பேரு என்னங்க?"

ஏட்டு இதை எதிர்பாக்கல. "பேரா? நான் போலீஸும்மா."

"அது வேலை. பேரு கேட்டேன்."

பின்னால நின்ன ஒரு செந்நாய் சிரிப்பை அடக்கிக்கிச்சு. ஏட்டு அதை ஒரு முறை முறைச்சுட்டு, "கொடுவாலன். போதுமா?"ன்னுச்சு.

"எதுக்கு வந்திருக்கீங்க?"

"ஒரு சின்ன விசாரணை. மான் தொடை காணோம். அஞ்சு நிமிஷத்துல அனுப்பிருவோம்."

"நான் புல்லு திங்கறவ. பாசி திங்கறவ. மான் தொடையை வச்சு நான் என்ன பண்றது?"

"அதைத்தானம்மா விசாரிக்கணும்."

"முத்திரை இலை இருக்கா?"

இலை இல்ல. ஏட்டு பல்லைக் கடிச்சுச்சு. சட்டம் எழுதின பாறை இன்னும் குளத்தங்கரையிலதான் இருக்கு. இதைப் படிச்ச ஒருத்தி ராஜா காதுல போட்டுட்டா தோல் உரிஞ்சிரும்.

"சரிம்மா. முறைப்படியே வர்றோம்"னு சொல்லிட்டுத் திரும்பிடுச்சு.

பாத்தீங்களா, மூணே கேள்வி! நாலு செந்நாய் திரும்பிப் போச்சு. கதை இங்கயே முடிஞ்சிருக்கணும். முடியல. ஏன்னா ஏட்டு வீட்டுக்குப் போகல, பக்கத்து வாசலுக்குப் போச்சு.

"ஊசியக்கா, நல்லா இருக்கீங்களா?"

ஊசியக்கா அலறியடிச்சு வெளிய வந்தா. "வாங்க ஏட்டய்யா. தண்ணி குடிக்கறீங்களா? உள்ள வந்து உக்காருங்க." பேரும் கேக்கல, காரணமும் கேக்கல.

ஏட்டு ஒரு பலகையை நீட்டுச்சு. பலகை மேல ஈரக் களிமண். அதுல ஒரு எழுத்துகூட இல்ல.

"ஒண்ணும் இல்லக்கா. நாங்க வந்துட்டுப் போனதுக்கு ஒரு சாட்சிக் கால். உங்களை மாதிரி மரியாதையான ஆளு வச்சாத்தான் செல்லும்."

"இதுல ஒண்ணும் எழுதலையே?"

"ஸ்டேஷன்ல போய் எழுதிக்குவோம். வெயில்ல மண்ணு காஞ்சிரும் பாருங்க, அதான் அவசரம்."

மண்சுவருக்கு அந்தப் பக்கத்துலேர்ந்து தும்பை கத்தினா. "அக்கா! எழுதாததுல கால் வைக்காதீங்க! என்ன எழுதப் போறாங்கன்னு கேளுங்கக்கா!"

ஏட்டு குரலைத் தாழ்த்திக்கிச்சு. "கேட்டீங்களா? அவ கெட்டது போதாதுன்னு உங்களையும் சேத்துக் கெடுக்கறா. கால் வைக்கலைன்னா உங்களுக்கும் இதுல சம்பந்தம் இருக்கோன்னு மேலிடத்துல கேப்பாங்க. எனக்கு அந்த சந்தேகம் இல்ல. ஆனா கேப்பாங்க."

ஊசியக்கா சுவரைப் பாத்தா. களிமண்ணைப் பாத்தா. டக்குனு காலை வச்சு எடுத்துட்டா. சில்லுனு இருந்துச்சு.

"இன்னொண்ணுலயும் வச்சிருங்க. ஒண்ணு ஒடைஞ்சா ஒண்ணு இருக்கட்டும்."

ரெண்டாவது பலகையிலயும் வச்சா. சனியன் விட்டுதுன்னு உள்ள போய்ப் படுத்துட்டா.

உச்சி வெயில்ல செந்நாய்ங்க திரும்ப வந்துச்சு. இப்போ முத்திரை இலையும் இருந்துச்சு, மொதப் பலகையும் இருந்துச்சு. ஏட்டு சத்தமா வாசிச்சுது.

"'தும்பை என்கிற முயல், மான் தொடையை இழுத்துக்கொண்டு போனதை என் கண்ணால் பார்த்தேன். இப்படிக்கு, பக்கத்து வளை ஊசி.' ராஜா பாத்தாரு, முத்திரை வச்சுட்டாரு. எல்லாம் முறைப்படிதான். வா."

தும்பை கல்லை நகத்தினா. பலகையில இருந்த காலடியைப் பாத்தா. தினமும் பாறைக்குப் போற வழியில பாக்கற காலடிதான். அடையாளம் தெரியாம இருக்குமா?

நடு வளை வாசல்ல ஊசியக்கா மூஞ்சியை மட்டும் நீட்டிக்கிட்டு நின்னா.

"நான் அப்படிச் சொல்லலடி. சத்தியமா நான் ஒண்ணும் சொல்லல."

"தெரியும்க்கா. இப்ப அதைப் பேச நேரம் இல்ல. மூணாவது வரி ஞாபகம் இருக்கா? என்கூட நடந்து வாங்க. ராஜா முன்னாடி போற வரைக்கும் போதும். நீங்க பக்கத்துல இருந்தா வழியில என்மேல பல்லு வைக்க மாட்டானுங்க."

ஏட்டு திரும்பி ஊசியக்காவைப் பாத்துச்சு. சும்மா பாத்துச்சு, அவ்வளவுதான்.

"எனக்கு முட்டி வலி தும்பை. அதான் பொழுது சாயறதுக்குள்ள வந்துருவியே."

"அழுங்கண்ணே! நீங்களாவது வாங்கண்ணே!"

கடைசி வளையில ஒரு பந்து கிடந்துச்சு. அசையல.

தும்பை நடு வளைப் பக்கம் திரும்பினா. "குட்டிங்களைப் பாத்துக்கங்கக்கா"ன்னு மட்டும் சொன்னா. நாலு செந்நாய்க்கு நடுவுல ஒரு முயல் நடந்து போச்சு. புதர் தாண்டினதும் காது மட்டும் தெரிஞ்சுது. அப்புறம் அதுவும் தெரியல.

பொழுது சாஞ்சுது. தும்பை வரல.

மறுநாள் ஊசியக்கா மொத வளைக்குப் போனா. மூணு குட்டியும் பசியில கீச்சு கீச்சுன்னு கத்திக்கிட்டு இருந்துச்சு. ஒவ்வொண்ணா வாயில கவ்வித் தன் வளைக்குக் கொண்டு போனா. முள்ளுப் படாம தள்ளிப் படுக்க வச்சா. மனசாட்சி உறுத்துச்சு, வேற என்ன?

மூணாம் நாள் ஏட்டு ரெண்டு செந்நாய்களோட வந்துச்சு.

"ஊசியக்கா, தும்பை எங்க?"

ஊசியக்காவுக்குத் தூக்கிவாரிப் போட்டுச்சு. "என்னைக் கேக்கறீங்களே! நீங்கதானே கூட்டிட்டுப் போனீங்க?"

"கூட்டிட்டுப் போனோம். அன்னிக்கே திருப்பி விட்டுட்டோமே. இந்தா."

ரெண்டாவது பலகை. நல்லாக் காஞ்சிருந்துச்சு. ஏட்டு வாசிச்சுது. "'விசாரணை முடிந்து தும்பையைப் பத்திரமாக என்னிடம் ஒப்படைத்தார்கள். நான் வாங்கிக்கொண்டேன். இப்படிக்கு, ஊசி.' கீழ உங்க கால். ராஜா முயல் எங்கன்னு கேக்கறாரு. உங்ககிட்டதான் குடுத்தோம். நீங்க என்ன பண்ணீங்க அவளை?"

"ஐயோ, நான் வெறும் மண்ணுலதானே கால் வச்சேன்!"

"வெறும் மண்ணுல யாராவது கால் வைப்பாங்களாக்கா?"

ஊசியக்கா வாசலை மறைச்சு நின்னா.

ஏட்டு எட்டி உள்ள பாத்துச்சு. "ஓ, குட்டிங்களும் இங்கதானா. அம்மாவைக் காணோம், குட்டிங்க உங்க வளையில. பாக்கறவங்க என்ன நினைப்பாங்க சொல்லுங்க?"

"முத்திரை இலை இல்லாம... பாறையில எழுதியிருக்கு, உங்க பேரு..." ஊசியக்கா தட்டுத் தடுமாறினா. தும்பை சொன்னதெல்லாம் ஞாபகத்துக்கு வந்துச்சு, ஆனா வரிசை மாறி மாறி வந்துச்சு. கொட்டாவி விட்டுக்கிட்டே கேட்டது எப்படி நிக்கும்? ஏட்டு முத்திரை இலையை அவ மூஞ்சிக்கு நேரா நீட்டுச்சு. இந்தத் தடவை எல்லாம் ஏற்கெனவே தயார்.

"அழுங்குத் தம்பி! வாடா! கூட நடந்து வாடா! ஒருத்தர் கூட வரலாம்னு சட்டம் இருக்குடா!"

பந்து அசையல.

ரெண்டு செந்நாய் ஊசியக்காவைக் கூட்டிட்டுப் போச்சு. வழி குளத்தங்கரைப் பாறையை ஒட்டித்தான். தும்பை தின்னு முடிச்ச இடம் மட்டும் பாசி இல்லாம பளிச்சுனு இருந்துச்சு. பத்தடி தூரத்துலேர்ந்தே படிக்கலாம். எத்தனை காலை அதுமேலயே படுத்து வெயில் காஞ்சிருப்பா! ஊசியக்கா அன்னிக்குத்தான் மொதத் தடவையா நின்னு படிச்சா. மூணாவது வரி முடியறதுக்குள்ள பின்னாலேர்ந்து தள்ளிட்டாங்க.

ஏட்டு மட்டும் மண்மேட்டுலயே இருந்துச்சு. கையில புதுசா ஒரு பலகை, அதுமேல ஈரக் களிமண். கடைசி வளைக்கு முன்னால போய் நின்னுச்சு.

"தம்பி, ஒரு சின்ன வேலை. சாட்சிக் கால். வச்சுட்டுப் போய்ப் படுத்துக்கோ."

அழுங்கு மெதுவா விரிஞ்சுது. சொன்னதைக் கேக்கற பழக்க தோஷம், கால் தானா முன்னால போச்சு. களிமண்ணோட ஈரம் நகத்துல பட்டுச்சு.

அப்பத்தான் சுவருக்கு அந்தப் பக்கம் மூணு குட்டியும் கத்த ஆரம்பிச்சுது. மொத வளை காலி. நடு வளையிலயும் இப்போ பெரியவங்க யாரும் இல்ல.

அழுங்கு காலைப் பின்னால இழுத்துக்கிச்சு.

"எழுத்து எங்கங்க?"

"அது அப்புறம் எழுதிக்கலாம்."

"அப்ப காலும் அப்புறம்."

"என்னடா, உனக்கும் வாய் வந்துருச்சா?"

"லேட்டாத்தான் வந்திருக்கு"ன்னு அழுங்கு சொல்லுச்சு. சொல்லிட்டு வளையை விட்டு வெளிய வந்துச்சு. "ஊசியக்கா பின்னாடி நான் நடக்கப் போறேன். தடுக்க அதிகாரம் இல்லன்னு எழுதியிருக்கு."

ஏட்டு கடிச்சுப் பாத்துச்சு. ஓடு உடையல. அழுங்கு கடி வாங்கிக்கிட்டே நடந்துச்சு. சுருளாம நடந்து, பாறை தாண்டி ஊசியக்காவை எட்டிப் பிடிச்சுது! கூட ஒருத்தர் பாத்துக்கிட்டே வர்றப்போ வழியில எதையும் பண்ண முடியல. பொழுது சாயறதுக்கு முன்னாடி ஊசியக்காவை ராஜா முன்னாடி உயிரோட நிறுத்தியே ஆக வேண்டியதாப் போச்சு.

ஊசியக்கா வீட்டுக்கு வந்துரல. அவளோட கால்தானே ரெண்டு பலகையிலயும் இருக்கு, அதை எப்படி இல்லன்னு சொல்றது? வழக்கு இன்னும் இழுத்துக்கிட்டு இருக்கு. கூண்டுக்குள்ள இருக்கா, ஆனா உயிரோட இருக்கா. தினமும் பொழுது சாயறதுக்குள்ள அழுங்கு போய்ப் பாத்துட்டு வருது.

தும்பை வரவே இல்ல. அவளை ராஜா கண்ணால பாத்ததாக்கூட எந்தப் பலகையிலயும் எழுத்து இல்ல.

மழைக்கு அப்புறம் பாறையில மறுபடியும் பாசி பிடிச்சுருச்சு. எழுத்து மறைய ஆரம்பிச்சுது. அழுங்கு பாத்துக்கற குட்டிங்களுக்கு இப்போ கண்ணு தொறந்துருச்சு, பல்லும் முளைச்சுருச்சு. மூணும் பாறைமேல வரிசையா உக்காந்து, மொத வரியிலேர்ந்து தின்னுக்கிட்டு இருக்கு.

பக்கத்து வாசல்ல உரிமை செத்தா, அடுத்தது நம்ம வாசல்லதான் சாகும், அதனால எழுதாத எதுலயும் கையெழுத்து போடாதீங்க, பிடிச்சுட்டுப் போறவங்களைத் தனியா அனுப்பாதீங்க.