சாத்தையன் மாளவில்லை

மின்வாரியத்திலிருந்து ஓய்வு பெற்ற பிறகு வரலாறு படிக்க வந்தவர் தில்லைநாயகம். அவருக்கு வழிகாட்டி பேராசிரியர் மங்களேசுவரி. அவரைவிட வயதில் மிக இளையவர். ஆனாலும் அம்மையார் அறைக்குள் வந்தால் முதலில் எழுந்து நிற்பவர் தில்லைநாயகம்தான்.

கொள்ளிடக் கரையில் கீழப்பூதனூர் என்றொரு கிராமம். நூற்றைம்பது ஆண்டுகளுக்கு முன் அங்கே சாத்தையன் என்றொரு குடியானவர் இருந்தார். அந்தக் காலத்து வாரப் பத்திரிகையில் வந்த துண்டுச் செய்திகளைக் கொண்டே அவருடைய வாழ்க்கையை எழுத வேண்டும். அதுதான் தில்லைநாயகத்தின் ஆய்வு.

செய்திகள் கிடைத்தன. அடுத்தவர் மடையை அடைத்ததற்காகச் சாத்தையனுக்கு அபராதம். காணாமற்போன மயிலைக்காளையைப் பிடித்துத் தருவோருக்கு அவர் அறிவித்த வெகுமதி. திருவிழாவில் மைத்துனருடன் கைகலப்பு. பிறகு பெருவெள்ளம். அதில் சாத்தையன் மாண்டார் என்று நாலு வரி.

அதை வாசித்த அன்று தில்லைநாயகத்துக்குச் சாப்பாடு இறங்கவில்லை.

அடுத்த இதழில் இப்படி இருந்தது: "வெள்ளத்தில் மாண்டதாக நாம் எழுதிய சாத்தையன் என்பவர் நமது அச்சுக்கூடத்துக்கு நேரில் வந்து, தாம் மாளவில்லை என்று தெரிவித்தார். ஊரார் தம்மைப் பேயென்று அஞ்சி ஓடுவதால் இதை அச்சிட்டுத் தரும்படி வேண்டிக்கொண்டார். அவ்வாறே செய்தோம்."

ஆவணக் காப்பகம் என்றும் பாராமல் அவர் வாய்விட்டுச் சிரித்தார்.

சிரிப்பு நீடிக்கவில்லை. அந்தப் பத்திரிகை அதற்குப் பிறகும் நெடுங்காலம் வெளிவந்தது. அவரும் இதழ் இதழாகப் புரட்டினார். சாத்தையன் பெயர் எங்குமே இல்லை. ஆய்வேட்டைக் கொடுக்க வேண்டிய நாளோ நெருங்கிவிட்டது.

பேராசிரியரிடம் போய்த் தயங்கித் தயங்கிச் சொன்னார். வெள்ளத்தில் செத்தது நல்ல முடிவாக அமைந்திருக்கிறது. அந்தத் திருத்தத்தை மட்டும் விட்டுவிட்டால் வாழ்க்கை முழுமையாகிவிடும். யாரும் தேடிப் பார்க்கப் போவதில்லை.

மங்களேசுவரி கோபப்படவில்லை.

"நேற்று என்ன செய்தீர்கள் சார்?"

"நேற்றா? ஒன்றுமில்லை மேடம்."

"ஒன்றுமே இல்லையா?"

அவர் யோசித்து யோசித்துச் சொல்லத் தொடங்கினார். மனைவி மொட்டைமாடியில் வடகம் காயப்போட்டிருந்தார். குரங்கு வந்துவிட்டது. இவர் குச்சியை எடுத்துக்கொண்டு ஓடித் துணிக்கொடியில் சிக்க, ஈரப் புடவை தலையில் விழுந்தது. குரங்கு தின்றுகொண்டே வேடிக்கை பார்த்தது. மனைவி சிரித்துச் சிரித்துத் தரையிலேயே உட்கார்ந்துவிட்டார். அப்புறம் இருவரும் அங்கேயே காப்பி குடித்தார்கள். பழைய கதையெல்லாம் பேசினார்கள். பொழுது போனதே தெரியவில்லை.

சொல்லச் சொல்ல அவர் முகம் மலர்ந்தது. கடைசியில் கூச்சம் வந்துவிட்டது.

"இதெல்லாம் பேப்பரில் வருமா மேடம்?"

"வராது சார்," என்றார் மங்களேசுவரி. "சாத்தையன் பிழைத்து வீட்டுக்குப் போய்விட்டார். அப்புறம் அவருக்கும் இதுதான் நடந்திருக்கும்."