ஏழாம் வாசலுக்கு இரண்டு கேம்

"மாஸ்டர், ரெண்டுல எது நல்ல கேம்?"

ஜெபசிங் செருப்பைக்கூடக் கழற்றவில்லை. அதற்குள் கேட்டுவிட்டான்.

தூத்துக்குடியில் ஒரு பேக்கரிக்கு மாடியில் இருக்கிறது அந்த கேம் சென்டர். நடத்துகிறவள் நிலோஃபர். அவனைவிடப் பத்து வயது சின்னவள். ஆனாலும் அவனுக்கு அவள்தான் மாஸ்டர். அவள் அவனை அண்ணே என்பாள்.

"உக்காருங்கண்ணே. வேர்த்துப்போய் நிக்கீங்க."

"போட்டிக்கு ஆறு மணிக்குள்ள பேர் குடுக்கணும். ஒரு கேம்லதான் சேரலாமாம்."

"ஏழாம் வாசல்" என்று ஒரு ஜப்பான் அனிமே. அதை வைத்து இரண்டு சண்டை கேம் வரிசை வந்திருக்கிறது. ஒன்று டூயல். இன்னொன்று அரீனா. கதையும் ஒன்று, நாயகன் தொமாருவும் ஒருவன்தான்.

"டூயல்ல ஒவ்வொரு அடியும் நாமளே கத்துக்கிடணும். அரீனால ஒரு பட்டன் தட்டினா போதும், அனிமேல வர்ற இடி அப்படியே இறங்குது. பாக்க அழகு. ஆனா டூயல்ல ஜெயிச்சா ஒரு மரியாதை. ஆனா அரீனால..."

"ஆனாவுக்கு மேல ஆனா போடுதீங்க. இதுக்கு ஏன் இந்தப் பாடு?"

"இந்தத் தடவையும் முதல் ஆட்டத்துலயே வெளிய வந்தா, கன்ட்ரோலரைப் பரண்ல போட்டுருதேன்னு வீட்டுக்காரி மெர்சிகிட்டச் சொல்லிட்டேன். அவ பரணை ஒழிச்சு இடமே பண்ணிட்டா."

நிலோஃபர் சிரிக்காமல் இருக்கப் பார்த்தாள். முடியவில்லை.

"சரி, ஆடுங்க."

டூயலைப் போட்டாள்.

டூயலில் அடியைத் தடுக்க கன்ட்ரோலரின் இடது குச்சியைப் பின்னால் இழுக்க வேண்டும். அரீனாவில் அதற்கென்று வலது பக்கம் ஒரு பட்டன். நிலோஃபர் அடித்தாள். ஜெபசிங் பட்டனை அமுக்கினான். தொமாரு வெறும் காற்றைக் கட்டிப்பிடித்துக்கொண்டு அடி வாங்கினான்.

"அரீனா கை வந்துட்டு மாஸ்டர்."

அரீனாவைப் போட்டாள். இப்போது குச்சியை இழுத்தான். தொமாரு முதுகைக் காட்டி ஓடினான். இடி முதுகிலேயே விழுந்தது.

"இப்ப டூயல் கை வந்துட்டு."

"மனசுல என்ன ஓடுது?"

"அதை ஆடும்போது இதுல சேந்திருக்கலாமோன்னு தோணுது. இதை ஆடும்போது அது. ராத்திரி படுத்தாலும் ரெண்டும் கண்ணுக்குள்ளயே நின்னு சண்டை போடுது."

"ரெண்டுல யாரு ஜெயிக்கா?"

"ரெண்டும் சேந்து என்னைத்தான் அடிக்குது."

மணி ஆறாகப் போகிறது. ஜெபசிங் போனைப் பார்த்தான். டிவியைப் பார்த்தான். மறுபடி போனைப் பார்த்தான்.

"நீங்களே ஒண்ணு சொல்லிருங்க மாஸ்டர். எதைச் சொன்னாலும் சேந்துருதேன்."

நிலோஃபர் எழுந்துபோய் டிவியை அணைத்தாள்.

"ஐயோ, ஏன்?"

"கன்ட்ரோலரைக் கீழ வைக்காதீங்க. ஏழாம் வாசல் முதல்ல எப்ப வந்துச்சு?"

"எது, அனிமேயா? அதுல முதல் பாகம் வந்து..."

அவன் சொல்லிக்கொண்டிருக்கும்போதே சோபாவில் கிடந்த தலையணையை எடுத்து அவன் மூஞ்சியைப் பார்த்து வீசினாள்.

தலையணை அவன் காதை உரசிக்கொண்டு போய் பின்சுவரில் விழுந்தது.

ஜெபசிங் அசையாமல் உட்கார்ந்திருந்தான்.

"கையைப் பாருங்கண்ணே."

பார்த்தான். வலது விரல் பட்டன் பக்கமே போகவில்லை. இடது கட்டைவிரல் குச்சியைக் கடைசிவரை பின்னால் இழுத்துப் பிடித்திருந்தது.

"ஆனா மாஸ்டர், அரீனால..."

அவள் கை அடுத்த தலையணைக்குப் போனது.

ஜெபசிங் வாயை மூடிக்கொண்டு போனை எடுத்தான். டூயல் என்று இருந்த இடத்தைத் தொட்டான்.