கவுதாரி உடம்புல ஏறுன மூணு மண்ணு

அந்தக் காலத்துல பறவையும் மனுசனும் ஒரே பேச்சுத்தான் பேசுச்சு. அதனால சண்டையும் நேருக்கு நேராவே நடந்துச்சு. அப்ப கவுதாரி கொக்கு மாதிரி வெள்ளை. மழையை மட்டும் நம்பி விதைக்கிற ஒரு ஊரோட புஞ்சையில அது குடியிருந்துச்சு.

அந்த ஊர்ல ஒரு வழக்கம். விதைப்புக்கு முன்னாடி ஊர்ப்பெரியவரு சுடலைமுத்து பாதையோரம் குனிஞ்சு ஒரு பிடி மண்ணை அள்ளுவாரு. உருட்டுவாரு, மோந்து பார்ப்பாரு. கரிசல், எல்லாரும் சோளம் போடுங்கன்னுவாரு. அவ்வளவுதான், மொத்தப் புஞ்சைக்கும் தீர்ப்பு முடிஞ்சது. உள்ள ஒரு எட்டு வச்சா கால் தேஞ்சா போகும்? வைக்க மாட்டாரு. பாதையோரம் சோளம் தளதளன்னு நிக்கும். உள்ள போகப் போக கருகிக் கிடக்கும். கேட்டா, விதைச்சவ கை சரியில்லம்பாங்க. மேட்டுல புஞ்சை வச்சிருந்த முப்பிடாதிக்குத்தான் வருசா வருசம் அந்தப் பேரு. இந்தத் தடவையும் வெளையலேன்னா ஊரை விட்டே போயிர்றதுன்னு அவ முடிவு பண்ணிட்டா.

மழை பெஞ்சுச்சு. பெரியவரு ஒரு பிடி அள்ளுனாரு. கவுதாரி குறுக்க வந்து நின்னுச்சு.

"ஐயா, இது என்ன ஒரே பானையில வெந்த சோறா, ஒண்ணைத் தொட்டுப் பார்க்க?"

"மண்ணுன்னா எல்லாம் மண்ணுதான். புழுதியில புரளுற கழுதை, உனக்கென்ன தெரியும்?"

"புரளுறவளுக்குத்தான் தெரியும்."

காஞ்ச புழுதின்னா உதறுனா போயிரும். ஈர மண்ணு போகாது. அது தெரிஞ்சேதான் கவுதாரி இறங்குச்சு. பாதையோரப் பள்ளத்துல கழுத்தைப் புரட்டுச்சு. நடுப்புஞ்சையில முதுகைப் புரட்டுச்சு. மேட்டுல வயித்தைத் தேய்ச்சுச்சு. அந்த அழகு வெள்ளையெல்லாம் போச்சு. நேரா முப்பிடாதி முன்னாடி வந்து நின்னுச்சு.

"என்னைப் பாரு தாயி. கழுத்து பள்ளம், கரிசல், அங்க சோளம். முதுகு நடுப்புஞ்சை, செவல், கம்பு போடணும். வயிறு உன் மேடு, வெறும் வெள்ளைச் சுக்கான் கல்லு. அதுல சோளத்தைப் போடச் சொல்லிட்டு உன் கையைக் குத்தம் சொல்றாங்க. நீ காணத்தை விதை, கல்லு மண்ணுல கொள்ளுதான் வெளையும்."

ஊரே சிரிச்சுச்சு. கோழி சொல்லி விதைக்கிற காலம் வந்துருச்சான்னு பெரியவரு நக்கல் பண்ணாரு. முப்பிடாதி சோளப் பெட்டியை இறக்கி வச்சுட்டு, காணத்தைத் தூக்கிட்டு மேட்டுக்கு நடந்தா. அவளைப் பார்த்து ஒவ்வொருத்தரா வந்து, கவுதாரியைச் சுத்திச் சுத்திப் பார்த்து, அவங்கவங்க மண்ணுக்கு ஏத்ததை விதைச்சாங்க. பெரியவரு மட்டும் நடுப்புஞ்சையில இருந்த தன் துண்டுல முழுக்கச் சோளம்.

அந்த வருசம் பாதையில இருந்து மேடு வரைக்கும் பச்சை. நடுவுல ஒரு துண்டு மட்டும் கருகிக் கிடந்துச்சு. யாரோடதுன்னு சொல்லணுமா?

களத்துல காணம் குவிச்சு வச்சிருந்த முப்பிடாதி அவரை நிறுத்திக் கேட்டா.

"ஐயா, அதை விதைச்ச கை யாரு கை?"

அவரு பேச்சை மாத்துனாரு. கவுதாரியைப் பார்த்து, குளத்துல போய்க் கழுவிட்டு வா, பார்க்கச் சகிக்கலன்னாரு.

"கழுவுனா நீங்க மறந்துருவீங்க"ன்னுச்சு கவுதாரி. அப்படியே கழுத்தைத் தூக்கிட்டு ஊருக்கு நடுவுல நடந்து போச்சு.

அன்னையிலிருந்துதான் கவுதாரிக்குக் கறுப்பும் செவப்பும் வெளுப்புமா அந்த உடம்பு. ஒரு பிடியை அள்ளி மொத்தப் புஞ்சைக்கும் பேரு வைக்கிற பழக்கமும் அந்தப் பக்கம் அன்னையோட ஒழிஞ்சது.