கொன்றைவனத்து மீன்தொட்டியும் வசுமதியின் அண்டாவும்

கொன்றைவனம் அடுக்ககத்தில் முப்பத்திரண்டு வீடு, ஒரு லிஃப்ட், நாலு நிர்வாகிகள். இவற்றில் லிஃப்ட் மட்டும் அவ்வப்போது வேலை செய்யும்.

நாலு பேரும் ஓய்வுபெற்றவர்கள். தலைவர் கோதண்டபாணி சொன்னதைச் சொன்னபடி செய்வார். சொன்னதற்கு மேல் ஓர் அங்குலம் யோசிக்கச் சொன்னால் தலைவலி வந்துவிடும். செயலாளர் பிச்சுமணி பேச்சு எது, தும்மல் எது என்று பார்க்காமல் எல்லாவற்றையும் தீர்மானப் புத்தகத்தில் எழுதுவார். துணைத் தலைவர் சவரிமுத்துவுக்குச் சந்தேகம் கேட்பது வேலை. தங்கப்பழத்துக்குப் பதவி கிடையாது. யார் எதைச் சொன்னாலும் வழிமொழிவார்.

இவர்களிடம் மாட்டிக்கொண்டவள் வசுமதி, தலைவரின் மனைவி. கான்வென்ட்டில் படித்து, சயின்ஸில் முதல் மார்க் வாங்கி, அவ்வளவையும் தூக்கிப் பரணில் போட்டுவிட்டுக் கோதண்டபாணிக்கு வாழ்க்கைப்பட்டவள்.

கீழ்த்தளத்துக் கூடத்தில் ஒரு மீன்தொட்டி வைத்தால் கட்டடத்துக்கே களை வரும் என்று நால்வரும் தீர்மானம் போட்டார்கள். போட்ட கையோடு பொருட்காட்சிக்குப் போய் ஆறு தங்கமீன் வாங்கிவிட்டார்கள். தொட்டி வாங்க வேண்டும் என்பது வீட்டுக்கு வந்த பிறகுதான் நினைவுக்கு வந்தது. பிளாஸ்டிக் பையில் ஆறும் வாயைத் திறந்து மூடிக்கொண்டிருந்தன. வசுமதிக்கு மனசு கேட்கவில்லை. தன் பெரிய எவர்சில்வர் அண்டாவில் தண்ணீர் நிரப்பி, உள்ளே விட்டாள். ஒன்றுக்கு வால் கிழிந்திருந்தது.

"ரெண்டே நாள்தான், வசு" என்றார் கோதண்டபாணி.

"நாளையிலேர்ந்து எண்ணி இருபத்தொன்பதாம் நாள் எனக்கு அண்டா வேணும். மறுநாள் மைதிலி வளைகாப்பு. நாற்பது பேருக்குப் புளியோதரை கிளறணும்" என்றாள் வசுமதி. மைதிலி அவள் தங்கை மகள். அந்த அண்டாவை விட்டால் நாற்பது பேர் சோற்றை ஒன்றாகப் புரட்டுகிற பாத்திரம் அவளிடம் இல்லை.

மறுநாள் சனிக்கிழமை, மீன் கடைக்காரர் ஜெரால்டு தொட்டியைக் கொண்டுவந்து வைத்தார். பொறுமைசாலி. நிதானமாகச் சொன்னார்: குழாய்த் தண்ணீரில் குளோரின் இருக்கும், வாளியில் பிடித்து ஒரு நாள் வைத்தால் போய்விடும், அப்புறம் தொட்டியில் ஊற்றுங்கள். ஃபில்டரை ஓடவிட்டு ஒரு மாசம் மீனே விடாதீர்கள். மீன் கழிவிலிருந்து அமோனியா என்று ஒரு விஷம் வரும். அதைத் தின்று தண்ணீரைச் சுத்தமாக வைக்கிற நல்ல பாக்டீரியா முதலில் வளர வேண்டும். கண்ணுக்குத் தெரியாது, ஆனால் இருக்கும். அதற்காகத் தினம் ஒரு சிட்டிகை மீன்தீனி போடுங்கள். வாரம் ஒருமுறை கால்வாசித் தண்ணீரை மாற்றுங்கள். இந்தச் சோதனைக் குப்பியில் நாலு சொட்டு மருந்து விட்டுப் பாருங்கள். பச்சை வந்தால் அமோனியா இருக்கிறது. மஞ்சள் வந்தால் மீன் விடலாம்.

பிச்சுமணி அத்தனையும் எழுதிக்கொண்டார். ஜெரால்டு நடுவில் இருமியதையும் எழுதிக்கொண்டார்.

கூடத்தில் பன்னிரண்டு வாளி வரிசையாக நின்றது. கொசு விழும் என்று சவரிமுத்து ஒவ்வொன்றையும் தட்டு போட்டு மூடினார். மூடிய பிறகு அவருக்கே சந்தேகம் வந்தது.

"மூடிட்டா குளோரின் எப்படிங்க வெளியே போகும்?"

"தட்டைத் தூக்கி வழி விடணும்" என்றார் கோதண்டபாணி.

"ஒரே நேரத்துல எல்லாத்தையும் தூக்கினா, இந்த வாளியில இருந்து போனது பக்கத்து வாளியில இறங்கிடாதா?"

நியாயமான கேள்வி என்று பட்டது. முறை போட்டுக்கொண்டார்கள். ஒருவர் ஒரு வாளியின் தட்டை ஐந்து நிமிஷம் தூக்கிப் பிடிப்பார். இன்னொருவர் வாசல் கதவைத் திறந்து வைத்திருப்பார். குளோரின் தெருவுக்குப் போனதும் தங்கப்பழம் கதவைச் சாத்துவார். மார்க்கெட்டிலிருந்து பையோடு வந்த வசுமதியை மூன்றாவது வாளி முடியும்வரை வெளியிலேயே நிற்க வைத்தார்கள்.

"போனது திரும்பி வரமாட்டேன்னு எழுதி வாங்கிக்குங்க" என்று சொல்லிவிட்டு அவள் உள்ளே போனாள். பிச்சுமணி அதையும் எழுதினார். கையெழுத்துப் போட ஓர் இடமும் விட்டு வைத்தார்.

தொட்டி நிறைந்தது. ஃபில்டர் குமிழி விட்டது. உள்ளே தண்ணீரைத் தவிர ஒன்றும் இல்லை. நால்வரும் அதற்கு எதிரே நாற்காலி போட்டு உட்கார்ந்து, பாக்டீரியா வளர்வதைப் பார்த்துக்கொண்டிருந்தார்கள். பேசினால் அது மிரளும் என்று சவரிமுத்து சொன்னதால் சைகையில் காப்பி கேட்டார்கள்.

ஒரு சிட்டிகை என்றால் யார் விரலால் என்று முதல் வாரம் போனது. இரண்டாம் வாரம் தீனி டப்பாவின் பின்புறத்தை வாசித்த கோதண்டபாணிக்கு முகம் கறுத்தது. உலர்ந்த இறால் தூள் கலந்திருக்கிறதாம். அவர் வீட்டில் முப்பத்தோரு வருஷத்தில் முட்டைகூட உடைத்ததில்லை.

"பாக்டீரியா சைவமா, அசைவமா?" என்று கேட்டார்.

"நம்ம கட்டடத்துல ரெண்டும் இருக்காங்க. அதுலயும் ரெண்டும் இருக்கும்" என்றார் சவரிமுத்து.

சனிக்கிழமை மட்டும் இட்லித் தூள் என்று முடிவாயிற்று. தங்கப்பழம் வழிமொழிந்தார். சட்னி வேண்டாம் என்று ஒரு திருத்தம் கொண்டுவந்து அதையும் அவரே வழிமொழிந்தார்.

இதற்கிடையில் மாடியில் வசுமதி தினம் ஒரு குடம் தண்ணீரை முதல் நாளே பிடித்து வைத்து, அண்டாவில் பழைய தண்ணீரை மொண்டு கொட்டிப் புதிதாக ஊற்றினாள். ஆறும் உயிரோடு இருந்தன. அவள் அடுப்படிக்குள் வந்தால் ஆறும் ஒரு பக்கமாகக் கூடின. வால் கிழிந்தது முன்னால் வரும். முப்பத்தோரு வருஷத்தில் கோதண்டபாணி அப்படி வந்ததில்லை.

இரண்டாம் வாரக் கடைசியில் தொட்டித் தண்ணீர் கஞ்சித் தண்ணீர் மாதிரி கலங்கியது. நால்வரும் பதறி ஜெரால்டுக்கு ஃபோன் போட்டார்கள். அது நல்லதுதான், பாக்டீரியா நன்றாக வளர்கிறது, கையை வைக்காதீர்கள், தானாகத் தெளியும் என்றார் அவர். தெளிந்தது. 'வளர்கிறது' என்ற வார்த்தைக்குக் கீழே பிச்சுமணி இரண்டு கோடு போட்டார். அதில் வரப்போகிற வினை அப்போது வசுமதிக்குத் தெரியாது.

கால்வாசித் தண்ணீர் மாற்றுவது முதல் வாரத்திலிருந்தே இன்னொரு பிரச்சினை. எந்தக் கால்வாசி?

"வாராவாரம் மேல் தண்ணியையே எடுத்தா அடித்தண்ணி கோவிச்சுக்கும். எல்லாத்துக்கும் முறை வரணும்" என்றார் சவரிமுத்து.

கண்ணாடியில் வெள்ளை பெயின்ட்டால் கால், அரை, முக்கால் என்று மூன்று கோடு இழுத்தார்கள். முதல் வாரம் மேல் கால்வாசி. அது சுலபம். இரண்டாம் வாரம் அதற்கு அடுத்தது. மேலே இருப்பதை வாளியில் எடுத்து வைத்து, நடுவில் இருப்பதைக் கொட்டிவிட்டு, மேலே இருந்ததை மேலேயே ஊற்றினார்கள். நாலாம் வாரம் அடித்தண்ணீரின் முறை. முக்கால் தொட்டியை வாளிகளில் மொண்டு, ஒன்று இரண்டு மூன்று என்று சுண்ணாம்புக்கட்டியால் எண் போட்டு, அடியில் இருந்ததைக் கொட்டிப் புதுத் தண்ணீர் விட்டு, எண் மாறாமல் திரும்ப ஊற்றினார்கள். இரண்டாம் எண் வாளியைத் தங்கப்பழம் தவறி முதலில் ஊற்றிவிட்டதால் எல்லாவற்றையும் மறுபடி மொண்டார்கள். எது எந்தத் தண்ணீர் என்று தங்கப்பழம் பார்த்தே சொல்லிவிட்டார். மற்ற மூவரும் நம்பினார்கள்.

சோதனைக் குப்பி மட்டும் பச்சையாகவே வந்துகொண்டிருந்தது. ஒரு நாள் பிச்சுமணி வசுமதியின் அடுப்படி வாசலில் வந்து நின்றார்.

"சகோதரி, ஒரு சிட்டிகை மஞ்சள்தூள் கிடைக்குமா?"

"எதுக்கு?"

"குப்பிக்கு. மஞ்சள் வந்தால் மீன் விடலாம்னு ஜெரால்டு சொல்லியிருக்கார். இவ்வளவு நாள் தானா வரும்னு காத்திருந்தோம்."

வசுமதி கரண்டியைக் கீழே வைத்தாள். கையை நீட்டிக் குப்பியை வாங்கிக்கொண்டாள். அன்றிலிருந்து சோதனை அவள் பொறுப்பு. கோதண்டபாணி காரணம் கேட்டதற்கு, மஞ்சள்தூள் என் டப்பாவில்தானே இருக்கிறது என்றாள். அவருக்கு அது சரியாகப் பட்டது.

இருபத்தொன்பதாம் நாள், சனிக்கிழமை. காலையில் குப்பி எலுமிச்சை நிறத்தில் பளிச்சென்று வந்தது. வசுமதி கூப்பிட்டுச் சொல்லலாம் என்றுதான் கீழே போனாள். நால்வரும் சங்க அறைக் கதவைச் சாத்திக்கொண்டு, முதல் மீனை விடும்போது தேசிய கீதம் பாடலாமா என்று விவாதித்துக்கொண்டிருந்தார்கள். நாளை விடிந்தால் வளைகாப்பு. இவர்கள் பாட்டை முடிவு செய்வதற்குள் மைதிலிக்குப் பிள்ளையே பிறந்துவிடும்.

திரும்பி மேலே வந்தாள். மீன்களைத் தண்ணீரோடு பையில் மொண்டாள். கூடத்தில் ஆள் இல்லாத நேரம் பார்த்துப் பையைத் தொட்டியில் மிதக்கவிட்டு, கால் மணி நேரம் பொறுத்து, வாயைச் சரித்தாள். ஒவ்வொன்றாக நீந்தி வெளியே போயின. வால் கிழிந்தது ஒரு சுற்று சுற்றிவிட்டு வந்து கண்ணாடியில் மூக்கை வைத்து அவளைப் பார்த்தது. "போடி, இனி இதுதான் உன் வீடு" என்றாள். அப்புறம் மாடிக்கு ஏறி, அண்டாவைப் புளி போட்டுப் பளபளவென்று தேய்த்து, வெயிலில் கவிழ்த்துவிட்டு, நல்லெண்ணெயும் வேர்க்கடலையும் வாங்கக் கடைக்குப் புறப்பட்டாள்.

படி இறங்கும்போதே கூடத்தில் நால்வரும் தொட்டியைச் சுற்றி நின்றார்கள்.

"வளர்ந்துடுச்சு" என்றார் பிச்சுமணி.

"என்னது?"

"பாக்டீரியா, சகோதரி. ஆறு."

வசுமதி நின்றாள். அது நம்ம மீன், மஞ்சள் வந்தது, நான்தான் விட்டேன் என்று ஒரு தரம் சொன்னாள். புரியாத பிள்ளைக்குச் சொல்வது போல இன்னொரு தரமும் சொன்னாள்.

"நம்ம மீன் உன் அண்டாவுலல்ல இருக்கு?" என்றார் கோதண்டபாணி, பொறுமையாக.

பார்த்துவிட்டு வருவோம் என்று நால்வரும் மாடிக்குப் போனார்கள். அவளும் பின்னாலேயே போனாள். அண்டா காலி. பளபளவென்று இருந்தது, தொட்டால் சுட்டது. சவரிமுத்து குனிந்து முகர்ந்தார். நிமிர்ந்து மற்றவர்களைப் பார்த்தார்.

"புளி வாசனை" என்றார் மெதுவாக.

சவரிமுத்து வீட்டில் வாரம் இரண்டு நாள் மீன்குழம்பு. அவருக்கு அந்த வாசனை தெரியும். தங்கப்பழம் முதல் முறையாக வழிமொழியத் தயங்கினார். கோதண்டபாணி மனைவியை ஏற இறங்கப் பார்த்தார். முப்பத்தோரு வருஷம்.

"நான் ஒண்ணும் கேக்கல, வசு" என்றார். "ஒரு மாசமா கண் முன்னால வச்சிருந்தா யாருக்கும் சபலம் வரும்."

"உங்க மண்டையில இருக்கிறதுக்கும் அந்த மருந்தை நாலு சொட்டு விட்டுப் பாக்கணும்" என்று சொல்லிவிட்டு வசுமதி விறுவிறுவென்று கடைக்குப் போய்விட்டாள். போயிருக்கக் கூடாது.

கடையில் கூட்டம். அவள் திரும்பியபோது மணி ஐந்தரை. அடுப்படியில் அண்டா நிறையத் தண்ணீர். அதில் ஆறு மீன். வால் கிழிந்தது முன்னால் வந்து மூக்கைக் காட்டியது. அண்டாவின் மேல் பிச்சுமணி கையெழுத்தில் ஒரு சீட்டு ஒட்டியிருந்தது: 'பாக்டீரியா. எண்ணிக்கை ஆறு.'

நால்வரும் வரிசையாக நின்றார்கள். பிச்சுமணி புத்தகத்தைப் பார்த்து விளக்கினார். கண்ணுக்குத் தெரியாத பாக்டீரியாதான் தொட்டியில் இருக்க வேண்டும் என்பது ஜெரால்டு வாக்கு. கண்ணுக்குத் தெரிகிற ஆறும் அளவுக்கு மீறி வளர்ந்தவை, ஆகவே எடுத்துவிட்டார்கள். மீனை இழந்த வசுமதிக்கு ஆறுதலாக அவற்றை அவளுக்கே கொடுப்பது என்று ஒருமனதாகத் தீர்மானம்.

"அந்த அண்டா எனக்கு இப்போ வேணும்" என்றாள் வசுமதி. "இதுகளைத் திரும்பத் தொட்டியிலேயே விடுங்க."

"தொட்டி காலிங்க, அண்ணி" என்றார் தங்கப்பழம். "அண்டாவுல ஊத்தினது போக மிச்சத் தண்ணியை இப்பதான் பூச்செடிக்கு ஊத்தினோம். அண்டா போயிட்டா நீங்க எதுல கிளறுவீங்கன்னு நாங்க யோசிக்காம இருப்போமா? வாளியெல்லாம் சேர்த்து சோப்பு போட்டுக் கழுவிக் கொண்டாந்துட்டோம்."

சாப்பாட்டு மேஜை மேல் மீன்தொட்டி இருந்தது.

"ஒரு மாசத் தண்ணி" என்றாள். "அதுல வளர்ந்த பாக்டீரியா?"

"கண்ணுக்குத் தெரியாதவங்கதானே, தங்கச்சி" என்றார் சவரிமுத்து. "இருந்த இடத்துலயே இருப்பாங்க."

அண்டாவைக் கவிழ்த்தால் மீன் சாகும். தொட்டியில் குழாய்த் தண்ணீரைப் பிடித்து விட்டாலும் சாகும். அண்டாத் தண்ணீரோடு மாற்றலாம் என்றால் தொட்டி, வாளி எல்லாவற்றிலும் சோப்பு நாற்றம். வசுமதி ஐந்து நிமிஷம் நாற்காலியில் உட்கார்ந்திருந்தாள். பிறகு எழுந்து தொட்டியை மூன்று தரம் வெந்நீர் ஊற்றித் தேய்த்து, நாலு பக்கமும் வாழையிலை வைத்தாள். இரண்டு சின்னப் பானைகளில் சோறு வடிக்க உலை வைத்தாள்.

மறுநாள் மைதிலியின் வளைகாப்பில் நாற்பது பேரும் கண்ணாடித் தொட்டியிலிருந்து புளியோதரை சாப்பிட்டார்கள். நன்றாக இருக்கிறது என்று இரண்டாம் தரமும் கேட்டார்கள். முக்கால் கோட்டிலிருந்து அரைக் கோட்டுக்கு இறங்கியதும், இந்த வாரக் கால்வாசி மாற்றியாயிற்று என்று கோதண்டபாணி திருப்தியாகத் தலையாட்டினார்.

வசுமதி பந்தி கவனிக்கப் போன சமயம் பிச்சுமணி அவள் அடுப்படியிலிருந்து கேட்காமல் எடுத்துவந்த சோதனைக் குப்பியைப் பையிலிருந்து எடுத்தார். ஒரு பருக்கையை உள்ளே போட்டு, நாலு சொட்டு மருந்து விட்டு, குலுக்கி, ஜன்னல் வெளிச்சத்தில் பிடித்தார். மூன்று பேரும் எட்டிப் பார்த்தார்கள். ஒரு மாசமாக அவர்கள் கையில் ஒரு நாளும் இப்படி வந்ததில்லை.

பிச்சுமணி தீர்மானப் புத்தகத்தைத் திறந்து எழுதினார்: 'நாள் முப்பது. சோதனை: மஞ்சள். மீன் விடலாம்.'

வழிமொழிந்த தங்கப்பழம், அண்டாவை எடுத்துவர அப்போதே கிளம்பியிருந்தார்.