அம்மா உட்கார்கிற மாதிரி

பெரியவர்கள் மேடையேறித் தங்கள் ஆசைகளைக் கூச்சமில்லாமல் சொல்ல, 'கட்டில் கதைகள்' என்றொரு நிகழ்ச்சி நடத்தக் கிளம்பினாள் பியூட்டி பார்லர் வைத்திருக்கும் தமயந்தி.

மன்றச் செயலாளர் ரத்தினசபாபதி எகிறினார். "கண்றாவி! எங்கம்மா வந்து உட்கார்ற மாதிரி நிகழ்ச்சின்னா ஹால் சாவி தரேன். இல்லேன்னா நடையைக் கட்டு."

"அம்மா உட்காருவாங்க சார்" என்று சாவியை வாங்கிக்கொண்டாள்.

சனிக்கிழமை கூட்டம் நிரம்பி வழிந்தது. செயலாளர் நாற்காலி நாற்காலியாகத் தேடினார். அம்மாவைக் காணோம். "நிறுத்து நிகழ்ச்சியை!" என்றார்.

திரை விலகியது. மாதாமாதம் தமயந்தியிடம் தலைக்கு டை அடித்துக்கொள்ளும் செயலாளரின் அம்மா, மேடையில் மைக் முன்னால் ஜம்மென்று உட்கார்ந்திருந்தார்.

"முதல் கதை என்னோடது" என்றார்.

செயலாளர் பதறி ஓடி மெயின் சுவிட்சை அணைத்தார்.

இருட்டில் அம்மாவின் குரல் கணீரென்று வந்தது.

"நீ உண்டான அன்னிக்கும் இப்படித்தான்டா கரண்ட் போச்சு."